சோகப் பாட்டுக்குக் கால் ஏன் ஆடுகிறது?

கொழும்பின் கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாணம். காலையில் புனித லூசியாள் பேராலயத்தில் திருப்பலி, இரவில் மண்டபத்தில் விருந்து. புரியாணி முடிந்து, ஐஸ்கிறீம் கிண்ணங்களில் கரண்டிகள் ஓய்ந்திருந்த நேரம். மேடையில் இருந்தவர் கிற்றாரின் கம்பிகளை மேலும் கீழுமாக ஒரு தரம் உரசினார். அடுத்த கணமே றபானில் அடி விழுந்தது. அதுவரை முழங்கால் வலி என்று கதிரையை விட்டு அசையாதிருந்த என் பெரியப்பா எழுந்து நின்றார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மாமிமார் எழுந்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த பெடியன்கூட ஒரு நிமிடம் நின்று தோளை ஆட்டிவிட்டுத்தான் போனான்.

பாடப்பட்ட பாட்டு ‘சின்ன மாமியே’. இலங்கைத் தமிழர் பலருக்கு அது மனப்பாடம். ஆனால் அந்தப் பாட்டில் நடப்பது என்ன? மாமியின் இளைய மகளைத் தேடி மருமகன் ஒருவன் வருகிறான். அவள் எங்கே என்று கேட்கிறான். படிக்கப் போய்விட்டாள் என்று மறுமொழி வருகிறது. அந்தப் படிப்பின் மேலேயே அவனுக்கு ஆற்றாமை பொங்குகிறது. பார்க்க வந்தவளைப் பார்க்காமல் மாமி வீட்டு வாசலில் நிற்கும் ஒருவனின் ஏமாற்றம் அது. மண்டபம் முழுக்க அந்த ஏமாற்றத்துக்குத்தான் ஆடிக்கொண்டிருந்தது.

வெள்ளவத்தைக்குத் திரும்பும்போது ஓட்டோவில் பெரியப்பாவிடம் கேட்டேன்: “அந்தப் பெடியன் வெறுங்கையோடை நிக்கிறான். அதுக்கு நாங்கள் ஏன் பெரியப்பா இப்பிடி ஆடுறம்?”

கொள்ளுப்பிட்டி கடந்து பம்பலப்பிட்டி வரும்வரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: “காரணம் தெரியேல்லை. ஆனா அந்தப் பாட்டை இருந்துகொண்டு கேக்க எனக்கு ஏலாது.”

அந்த ஒரு வசனத்துக்கு விளக்கம் தேடித்தான் இந்தக் கட்டுரை. சொல்லில் சோகமும் தாளத்தில் துள்ளலும் ஒரே பாட்டில் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன? ஒன்று மற்றதை அழித்துவிடாமல் இருப்பது எதனால்? கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் மூளையியலும் உளவியலும் இதற்குச் சில அழகான விடைகளைக் கண்டிருக்கின்றன.

பாட்டு வந்த வழி

முதலில் அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். போர்த்துக்கேயர் 1505-இல் இலங்கைக் கரையில் இறங்கினார்கள். 1658-இல் ஒல்லாந்தர் அவர்களை முற்றாக வெளியேற்றினார்கள். இடைப்பட்ட ஒன்றரை நூற்றாண்டில் அவர்கள் விட்டுச்சென்ற சொற்கள் இன்றும் எங்கள் வீடுகளுக்குள் இருக்கின்றன: கதிரை, மேசை, அலுமாரி, சன்னல், சாவி. அந்தத் தாளத்தின் பெயரான ‘பைலா’வும் அப்படி வந்த சொல்தான். போர்த்துக்கேய மொழியில் அதன் வேர்ச்சொல்லுக்கு ஆடுவது என்று பொருள்.

சொல் போர்த்துக்கேயம் என்றாலும் தாளம் முழுதாக ஐரோப்பாவினது அல்ல. ஆபிரிக்காவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட மக்களின் அடிகளும் அதில் கலந்திருக்கின்றன. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் ‘மஞ்சா’ பாடி ஆடுகிறார்கள். மட்டக்களப்புப் பறங்கியரின் ‘கப்ரிஞ்ஞா’ ஆட்டத்திலும் அதே துள்ளல் உண்டு. 1940-களில் பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்தியான்ஸ் இந்தத் தாளத்தில் சிங்களச் சொற்களை வைத்துப் பாடினார். பைலா கொழும்பின் பொதுச் சொத்தாக மாறியது அதன் பிறகுதான்.

1960-களில் உலகெங்கும் கிற்றார் கைக்கு எட்டியது. 1965-இல் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் பொப் டிலன் மின் கிற்றாருடன் மேடையேறினார். நாட்டுப் பாடலும் றொக் இசையும் கைகோத்த காலம் அது. காதலையும் ஏமாற்றத்தையும் கதையாகச் சொல்லும் பழைய பாடல் முறைக்கு அங்கே புதிய உடல் கிடைத்தது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் இங்கே நித்தி கனகரத்தினம் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழைக் கிற்றாருக்கும் பைலாத் தாளத்துக்கும் பொருத்தினார். ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ போன்ற பாட்டுகள் பிறந்தன. இலங்கைத் தமிழ்ப் பொப்பிசையின் தந்தை என்று அவரை அழைப்பது அதனால்தான். ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் கடந்தது. 1977-இல் வந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் அதே மெட்டு தமிழ்நாட்டுத் திரையிலும் ஒலித்தது. தமிழ்நாட்டில் அவர் பெயரே ‘சிலோன்’ மனோகர் ஆனது. 2018 ஜனவரியில் அவர் சென்னையில் காலமானபோது பாக்கு நீரிணையின் இரு கரையிலும் அந்தப் பாட்டை மீண்டும் போட்டுக் கேட்டார்கள்.

இந்தப் பாட்டுகளின் துணிச்சல் அவற்றின் சொற்களில் இருக்கிறது. அதுவரை மேடைத் தமிழிலும் திரைத் தமிழிலும் பாடிய காதலை இவை அடுப்படித் தமிழில் பாடின. மாமி மாமியாகவே பேசினாள், பெடியன் பெடியனாகவே முணுமுணுத்தான். கேட்டவர்களுக்குத் தங்கள் ஒழுங்கையில் நடந்த கதைபோல இருந்தது.

ஆறு அடிக்குள் இரண்டு தாளம்

இப்போது மேசையில் விரலால் ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். ஒன்று முதல் ஆறு வரை சீராகத் தட்டுங்கள். முதல் தட்டையும் நான்காவது தட்டையும் மட்டும் சற்றுப் பலமாகத் தட்டுங்கள். ‘தகிட தகிட’ என்று கேட்கும். அடுத்து அதே வேகத்தில் ஒன்று, மூன்று, ஐந்து ஆகிய தட்டுகளைப் பலமாக்குங்கள். ‘தக தக தக’ என்று கேட்கும். தட்டுகள் ஆறும் மாறவில்லை. நேரமும் மாறவில்லை. ஆனால் முதலில் இரண்டு அலைகள் இருந்த இடத்தில் இப்போது மூன்று அலைகள் இருக்கின்றன.

பைலாவின் உயிர் இந்த இரட்டைத் தன்மையில்தான் இருக்கிறது. ஒரு வாத்தியம் ‘தகிட’ என்று போகும்போது இன்னொன்று ‘தக’ என்று குறுக்கே வரும். காது ஒன்றைப் பிடித்துக்கொள்ளும், கால் மற்றதைப் பிடித்துக்கொள்ளும். திஸ்ர நடையில் கும்மி கொட்டிப் பழகிய தமிழ்க் காதுக்கு இது முற்றிலும் அந்நியமாக இருக்கவில்லை. கடல் வழியாக வந்த தாளம் இவ்வளவு எளிதாக எங்கள் வீட்டு முற்றத்தில் இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தாளத்தை நாம் கேட்பதோடு நிறுத்துவதில்லை, அடுத்த அடி எப்போது விழும் என்று முன்கூட்டியே கணிக்கிறோம். இந்தத் திறமை மனிதருக்குப் பிறவியிலேயே வருகிறது. 2009-இல் வெளிவந்த ஹங்கேரிய, டச்சு ஆய்வாளர்களின் ஆய்வு ஒன்றில், பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகளுக்குத் தூக்கத்தில் தாளத்தைக் கேட்க வைத்தார்கள். முக்கியமான முதல் அடியை இடையிடையே எடுத்துவிட்டார்கள். அடி விழாத அந்த இடங்களில் குழந்தைகளின் மூளை அலைகள் மாறின. வரவேண்டியது வரவில்லை என்று அந்தச் சிசுவுக்கும் தெரிகிறது.

வளர்ந்தவர்களின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தால் இன்னொரு விடயம் தெரியும். தாளத்தைக் கேட்டுக்கொண்டு அசையாமல் படுத்திருக்கும்போதுகூட, உடலை அசைக்கும் வேலைக்குரிய மூளைப் பகுதிகள் இயங்குகின்றன. கால் தரையில் படுவதற்கு முன்பே மூளைக்குள் ஆட்டம் தொடங்கிவிடுகிறது. தாளக் கச்சேரியில் நாம் அறியாமலே தொடையில் கை தட்டுவது இதன் வெளிவடிவம்தான்.

எல்லாத் தாளமும் ஒரே அளவுக்கு நம்மை எழுப்பிவிடுவதில்லை. மரியா விற்றெக் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2014-இல் டிரம் தாளங்கள் பலவற்றை மக்களுக்குக் கேட்க வைத்து, எது ஆடத் தூண்டுகிறது என்று கேட்டார்கள். அடி எல்லாம் எதிர்பார்த்த இடத்திலேயே விழுந்தால் சலிக்கிறது. எல்லாம் இடம் மாறி விழுந்தால் குழப்புகிறது. நடுவில், சில அடிகள் மட்டும் எதிர்பார்ப்பை மெல்லத் தப்பி விழும்போதுதான் உடல் ஆட விரும்புகிறது. எங்கள் இசை மரபில் இதற்குப் பெயரே உண்டு: தாளம் தொடங்குமுன் பாட்டு எடுத்தால் அதீத எடுப்பு, தொடங்கியபின் எடுத்தால் அனாகத எடுப்பு. அந்தச் சிறு தப்பில் ஓர் இடைவெளி பிறக்கிறது. அந்த இடைவெளியை உடல் தன் அசைவால் நிரப்பப் பார்க்கிறது.

காதலும் ஏறத்தாழ இதே இடத்தில்தான் நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வருவாள் என்ற எதிர்பார்ப்பு, வராத வாசல். பாட்டின் கதையில் உள்ள ஏமாற்றத்தைத் தாளம் தன் மொழியில், மிகச் சிறிய அளவில், ஒவ்வொரு சுற்றிலும் சொல்லிவிட்டு அடுத்த சுற்றில் ஆற்றியும் விடுகிறது.

தமிழ்ப் பேச்சு தந்த சாட்சி

துயரம் ஒரு மெட்டில் எங்கே ஒளிந்திருக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் தமிழையே ஆய்வுக்கு எடுத்திருக்கிறார்கள். டேனியல் பௌலிங், ஜனனி சுந்தரராஜன், டேல் பர்வெஸ் முதலியோர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. ஒருபுறம் மேற்கத்திய மெட்டுகளையும் கர்நாடக இராகங்களையும் வைத்தார்கள். மறுபுறம் ஆங்கிலம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் மகிழ்ச்சியாகவும் சோகமாகவும் பேசியதைப் பதிவு செய்தார்கள்.

இரு இசைகளிலும் உற்சாகமான மெட்டுகளில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் பாய்ச்சல் பெரிதாக இருந்தது. சோகமான மெட்டுகளில் பாய்ச்சல் சிறிதாக இருந்தது. பேச்சிலும் அதுவே. மகிழ்ச்சியில் குரல் ஏறி இறங்கித் துள்ளுகிறது, துக்கத்தில் அடங்கி ஒரே மட்டத்தில் ஊர்ந்து போகிறது. மொழி எதுவானாலும், தொண்டை ஒன்றுதான். துக்கத்தில் உடல் தளர்கிறது, குரல்நாண்களை இறுக்கும் தசைகளும் தளர்கின்றன. இராகம் அந்தத் தளர்ச்சியைப் பார்த்து எழுதியது போல இருக்கிறது. செத்த வீட்டில் எழும் ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு இந்த ஆய்வு புதிதாக எதையும் சொல்லாமல் இருக்கலாம். அவர்கள் கேட்டு அறிந்ததற்கு இது அளவுகோல் தருகிறது.

துயரத்தை அறிய நமக்குக் கிடைக்கும் இன்னொரு தடயம் வேகம். ஐந்து வயதுப் பிள்ளைகள் மெட்டின் வேகத்தை வைத்து மட்டும் அது சந்தோசமா சோகமா என்று சொல்கிறார்கள் என்று 2001-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆறு முதல் எட்டு வயதுக்குள் சுரங்களின் சாயலையும் அவர்கள் கவனிக்கத் தொடங்குகிறார்கள். அந்தர காந்தாரம் வரும் மேஜர் மெட்டுக்குச் சிரிப்பு முகம், சாதாரண காந்தாரம் வரும் மைனர் மெட்டுக்கு வாடிய முகம். இந்தப் பழக்கத்தைப் பிள்ளைகள் தங்களைச் சுற்றிக் கேட்கும் இசையிலிருந்து படிப்படியாகக் கற்கிறார்கள்.

அப்படியானால் தடயங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் என்ன நடக்கும்? வேகம் சிரிக்கச் சொல்லி, சாயல் அழச் சொன்னால்? ரொறன்ரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹன்ரர், ஷெலன்பர்க் ஆகியோர் இதைச் சோதித்தார்கள். வேகமான மைனர் மெட்டுகளையும் மெதுவான மேஜர் மெட்டுகளையும் கேட்க வைத்தார்கள். கேட்டவர்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு மந்தமான உணர்வைச் சொல்லவில்லை. மகிழ்ச்சி, சோகம் இரண்டும் ஒருசேர எழுந்ததாகச் சொன்னார்கள். சூடும் குளிரும் கலந்தால் வெதுவெதுப்பாகும். மனத்தில் அப்படி ஆவதில்லை, இரண்டும் தனித்தனியே நிற்கின்றன.

சொல்லும் மெட்டும் முரண்படும்போது பொதுவாக மெட்டின் கைதான் ஓங்குகிறது என்பதையும் 2006-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆனாலும் சொல் தோற்றுப் போவதில்லை. மகிழ்ச்சியான மெட்டின் மேல் சொல் ஏறும்போது அந்த மகிழ்ச்சி சற்று மங்குகிறது. ‘சின்ன மாமியே’ போன்ற பாட்டில் நடப்பது இதுதான். மெட்டு கையைப் பிடித்து எழுப்பி விடுகிறது. சொல் காதோரம் வந்து, அவன் வாசலில் நிற்கிறான் என்பதை மறக்க விடாமல் நினைவூட்டுகிறது.

இனிக்கும் துயரம்

வெள்ளவத்தை கடலோர ஊர். காலி வீதியிலிருந்து எந்த ஒழுங்கையில் இறங்கினாலும் கடைசியில் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். கடலும் கடல் சார்ந்த நிலமும் நெய்தல் என்றும், அதன் உரிப்பொருள் இரங்கல் என்றும் நம் முன்னோர் வகுத்தார்கள். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் அழுகையையும் வைத்து, அது இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கிலிருந்து பிறக்கிறது என்கிறது. காதலில் ஏமாந்தவனுக்கு முதல் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஒருத்தியை இழக்கிறான், ஊர் பார்க்க இழிவும் படுகிறான். இந்தத் துயரத்தைச் சுவையாக அனுபவிக்க முடியும் என்பதை அந்த மரபு ஐயமின்றி ஏற்றுக்கொண்டது. ஏன் முடிகிறது என்பதுதான் இன்றைய அறிவியல் கேட்கும் கேள்வி.

பெர்லினில் லியிலா தரூஃபி, ஸ்டெஃபான் கோல்ஷ் ஆகிய இருவரும் உலகின் பல பகுதிகளிலிருந்து 772 பேரிடம் சோக இசை பற்றிக் கேட்டு 2014-இல் வெளியிட்டார்கள். சோகப் பாட்டு தங்களுக்குள் எழுப்பும் உணர்வாக மக்கள் மிக அடிக்கடி சொன்னது சோகத்தை அல்ல, பழைய நினைவின் ஏக்கத்தை. அமைதியும் கனிவும்கூட அந்தப் பட்டியலில் இருந்தன. சோகப் பாட்டால் கிடைக்கும் நன்மைகளில் ஒன்று, அந்தத் துயரத்துக்கு நம் வாழ்வில் எந்த விலையும் கொடுக்க வேண்டியதில்லை என்பது. மாமி கதவைச் சாத்தியது வேறொருவனுக்கு. ஆனால் சாத்திய சத்தம் நமக்கும் கேட்கிறது, நமக்கு முன் சாத்திய கதவுகளும் நினைவுக்கு வருகின்றன.

இசையியலாளர் டேவிட் ஹியூரன் ஒரு கருதுகோளை முன்வைத்தார். அழும்போது உடலில் சுரந்து ஆறுதல் தரும் புரோலக்ரின் என்ற ஹோர்மோன் சோகப் பாட்டைக் கேட்கும்போதும் சுரக்கலாம் என்றார். உண்மையான இழப்பு இல்லாததால் ஆறுதல் மட்டும் மிஞ்சும் என்பது அவர் வாதம். கேட்கும்போதே மனம் ஒப்பும் எண்ணம் அது. ஆனால் பின்னர் இரத்தத்தை எடுத்துச் சோதித்துப் பார்த்தபோது அவர் சொன்னபடி நடக்கவில்லை. அழகான விளக்கமும் சோதனையில் நிற்க வேண்டும் என்பதே அறிவியலின் ஒழுக்கம்.

சோதனையில் நின்ற இன்னொரு செய்தி மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. மெய்சிலிர்க்க வைக்கும் பாட்டைத் தாங்களே தேர்ந்தெடுத்துக் கேட்டவர்களின் மூளையை வலோரி சலிம்பூர், ரொபேட் ஸற்றோரே ஆகியோர் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். சிலிர்ப்பு வரும் கணத்தில் டோபமைன் என்ற இரசாயனம் சுரந்தது. பசித்தவனுக்குச் சோறு கிடைக்கும்போது வேலை செய்வதும் அதே டோபமைன் வழிதான். இதைவிட வியப்பு, சிலிர்ப்பு வருவதற்குச் சில கணங்கள் முன்பே, வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே, மூளையின் வேறோர் இடத்தில் அது சுரக்கத் தொடங்கிவிட்டது. அடுத்த வரி என்ன என்று தெரிந்த பாட்டுதான் நம்மை அதிகம் உருக்குகிறது என்று எல்லோரும் சொல்வதற்கு உடலில் ஆதாரம் உண்டு. ஐம்பது ஆண்டுகளாகக் கேட்ட ‘சின்ன மாமியே’ இன்னும் தேயாமல் இருப்பது அதனால்.

சேர்ந்து ஆடினால்

பெரியப்பா சொன்னது இன்னும் மிச்சம் இருக்கிறது. இருந்துகொண்டு கேட்க ஏலாது என்றாரே, அது ஏன்?

ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பிரோன்வின் ரார், ரொபின் டன்பார் முதலியோர் பிரேசிலில் பாடசாலை மாணவர்களோடு செய்த ஆய்வு 2015-இல் வந்தது. மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்தார்கள். சில குழுக்கள் ஒரே அசைவை ஒரே நேரத்தில் ஆடின. சில குழுக்களில் ஒவ்வொருவரும் வேறு வேறு அசைவை ஆடினார்கள். சிலர் உடல் முழுவதும் அசையத் துள்ளி ஆடினார்கள், சிலர் இருந்த இடத்தில் கையை மட்டும் அசைத்தார்கள். ஆடுவதற்கு முன்னும் பின்னும் அவர்களின் மேற்கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டியைக் கட்டி, காற்றை ஏற்றி இறுக்கினார்கள். எந்த இறுக்கத்தில் போதும் என்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார்கள்.

சேர்ந்து ஒரே அசைவில் ஆடியவர்கள் ஆட்டத்துக்குப் பிறகு கூடுதல் வலியைத் தாங்கினார்கள். துள்ளி ஆடியவர்களும் அப்படியே. இரண்டும் தனித்தனியாகவே பலன் தந்தன. உடல் தானே உண்டாக்கும் வலிநிவாரணியான எண்டோர்ஃபின் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதுகிறார்கள். கூட ஆடியவர்கள்மேல் நெருக்கமும் அதிகரித்திருந்தது.

மேற்கையில் இறுகும் பட்டியும் மாமி வாசலில் பட்ட இளிவும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஆய்வைப் படித்தபோது கொட்டாஞ்சேனை மண்டபம்தான் கண்ணில் வந்தது. பைலாவில் யாரும் தனியாக ஆடுவதில்லை. தாத்தாவும் பேத்தியும் மாப்பிள்ளையும் ஒரே ‘தகிட’வில் கால் வைக்கிறார்கள். துள்ளலும் இருக்கிறது, இசைவும் இருக்கிறது. ஒரு பாட்டு ஏமாற்றத்தைச் சொல்லிக்கொண்டே, அதைத் தாங்கும் பலத்தையும் உடலுக்குத் தருகிறது. தாளம் துயரத்தை மூடி மறைக்கிறது என்று நான் முன்பு நினைத்ததுண்டு. இப்போது அப்படி நினைக்கவில்லை. ஒருவன் தலையில் மட்டும் இருந்த சுமைக்குப் பல தோள் கொடுப்பதுதான் தாளத்தின் வேலை.

உப்புக் காற்றில் ஒரு கம்பி

பெரியப்பாவின் கிற்றார் வெள்ளவத்தை வீட்டில் அலுமாரியின் மேல் இருக்கிறது. கடற்காற்றில் அதன் உருக்குக் கம்பிகள் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பியின் சத்தம் மங்கிப்போவது எப்படி என்று ஒருநாள் அவருக்குக் காட்டினேன். ஐந்தாவது கம்பியை மீட்டினால் அது செக்கனுக்கு 110 தரம் அதிர்கிறது. அதே கம்பி அதே நேரத்தில் இரண்டு பாதிகளாக 220 தரமும், மூன்று பங்குகளாக 330 தரமும், இன்னும் சிறு சிறு பங்குகளாக அதற்கு மேலும் அதிர்கிறது. இந்த மேலதிர்வுகள் சேர்ந்துதான் புதுக் கம்பியின் கணீர் என்ற நாதத்தைத் தருகின்றன. கம்பியின் சுற்றுகளுக்குள் துருவும் வியர்வையும் ஏறினால் முதலில் அடங்குபவை அந்த மேலதிர்வுகளே. அடிச் சுரம் மட்டும் மிஞ்சும். கம்பியின் நடுப்பகுதியில் விரலை இலேசாக வைத்து மீட்டியபோது, பாதிகளின் அதிர்வு மட்டும் தனியே மணிபோல எழுந்தது. அவர் இன்னொரு தரம் மீட்டச் சொல்லிக் கேட்டார்.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பிறகு வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் வெளிநாடு போயின. பெட்டிக்குள் வைக்க முடிந்தவற்றில் கசெற்றுகளும் இருந்தன. பத்து வயது முதல் முப்பது வயதுவரை நடந்தவைதான் நம் நினைவில் அதிகம் தங்குகின்றன என்பது உளவியலில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. அந்த வயதில் கேட்ட பாட்டுகளும் அப்படியே. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கரோல் கிரம்ஹான்சல் இதில் ஒரு புதுமையைக் கண்டு 2013-இல் வெளியிட்டார். இருபது வயது இளைஞர்களுக்குத் தங்கள் பெற்றோரின் இளமைக்காலப் பாட்டுகளோடும் தனிப் பிடிப்பு இருந்தது. அதற்கும் முந்திய காலப் பாட்டுகளிலும் அந்தப் பிடிப்பின் சிறு மேடு ஒன்று தெரிந்தது. பெற்றோர் வீட்டில் போட்டுக் கேட்டவை பிள்ளைகளின் நினைவுக்குள் இறங்கியிருந்தன.

போன டிசெம்பரில் ரொறன்ரோவிலிருந்து பெரியப்பாவின் பேத்தி வந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம் தடுமாறும். மருமகன் ஏன் மாமியோடு முரண்படுகிறான் என்பதை அவளுக்கு விளக்க வேண்டியிருந்தது. மெட்டை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. காலி வீதியில் வாங்கிவந்த புதுக் கம்பிகளைப் பெரியப்பாவும் அவளும் சேர்ந்து மாட்டினார்கள். அவர் முறுக்காணியைத் திருப்ப, அவள் தொலைபேசியில் சுருதி பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே ரயில் ஒன்று கடலோரமாகத் தெற்கே போனது.

அவள் மேலும் கீழுமாக ஒரு தரம் கம்பிகளை உரசினாள். தகிட தகிட. பெரியப்பா ஒரு கையால் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்ல எழுந்து நின்றார்.